இம்மாகுலேற்றின் இரண்டு கிண்ணங்கள்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் இம்மாகுலேற் இரண்டு வருடமாகப் புட்டு அவிக்கவில்லை. காரணம் நான்.

அவளுடையது நூறு வருடப் பழைய செங்கல் வீடு. படுக்கையறைச் சுவரில் ஈரம் என்று, பூச்சு வேலை செய்யும் என்னைக் கூப்பிட்டாள். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு, சீமெந்து பூசி, தண்ணீர் புகாத பெயின்ற் இரண்டு தரம் அடித்தேன். ஊர் மழைக்குத் தாங்கினது இங்கே தாங்காதா என்ற எண்ணம். அடுத்த குளிருக்குள் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது.

"புட்டு, இடியப்பம் எண்டு ஒரே அவியல். அந்த ஆவி எங்கை போகும் பிள்ளை?" என்றேன். என் வேலையில் பிழை என்று எந்த வீட்டிலும் நான் ஒத்துக்கொண்டது கிடையாது.

அவள் புருஷன் ஜெஸ்ரின் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். அவள் அவியலை விட்டாள், பனிக்குள்ளும் ஜன்னலைத் திறந்து வைத்தாள். பூஞ்சணத்தால் வந்த இருமல் அவனுக்கு நிற்கவில்லை. போன தை மாதம், "உன்ரை ஆவியோடை நீயே இரு" என்றுவிட்டு வெம்பிளியில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டான்.

இம்மாகுலேற்றுக்குக் கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் இடத்தில் வேலை. கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, சோதிக்கும் துண்டை மூடியாக வைத்து, ஓரத்தை மெழுகால் அடைப்பார்கள். துண்டுக்குள்ளால் ஈரம் வெளியே போனால் கிண்ணத்தின் நிறை குறையும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுவது அவள் வேலை, பதினொரு வருடமாக. மேலதிகாரியைக் கேட்டு, என் பூச்சில் ஒரு துண்டும், அலுமாரிக்குப் பின்னால் நான் கொத்தாமல் விட்ட பழைய சுண்ணாம்பில் ஒரு துண்டும் எடுத்து இரண்டு கிண்ணங்களில் வைத்தாள்.

மூன்று கிழமை கழித்து என்னை வீட்டுக்கு வரச்சொல்லி, நிறை எழுதிய கொப்பியை நீட்டினாள். சுண்ணாம்புக் கிண்ணத்தின் நிறை நாளுக்கு நாள் இறங்கியிருந்தது. என்னுடையது அசையவில்லை என்றே சொல்லலாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது விளங்கியது.

"உள்ளுக்குப் போன ஈரம் வெளியிலை வர நீங்கள் வழி விடேல்லை அண்ணை."

"கொத்திப் பூசித் தாறன். சும்மா செய்து தாறன்."

"அது இருக்கட்டும். முதல் அவருக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால்தான் நம்புவார்."

ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டு தரம் செருமிவிட்டுச் சொன்னேன்: "தம்பி, பிழை என்ரை பூச்சிலைதான். அவளிலை இல்லை."



"பரவாயில்லை விடுங்கோ அண்ணை. வேலையெண்டால் அப்பிடித்தான். அவளும் கொஞ்சநஞ்சமோ அவிச்சவள்?"

"வீட்டை வாறியே?" என்று கேட்டேன்.

"பாப்பம்."

அவள் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை. உளியைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

"நாலு மணிக்கு வேலையிலை கிண்ணம் நிறுக்கவேணும்" என்று கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.