இருட்டுக்குள் நின்ற அழகரத்தினம்

சுனாமியில் முங்கிய டிவிப் பெட்டிகளைக் கோகுலராஜ் பிரித்தபோது உள்ளேயிருந்து இறால் துள்ளியதாம். அதைக் கறியாக்கித் தின்ற பிறகுதான் பழுது பார்த்தானாம். செங்கலடிச் சந்தைக் கதை இது, பாதியையாவது நம்பலாம். சண்டை முடிந்து பாதை திறந்து, தட்டை டிவிகள் வந்து இறங்கியபோது, அவற்றின் கறுப்பைத் திருத்தத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

படம் மங்கல் என்றால் ஊரில் எல்லாரும் பிரைட்னஸை முட்ட ஏற்றிவிடுவார்கள். கறுப்பெல்லாம் அடுப்புச் சாம்பலாகும். அந்தப் பொத்தானுக்குப் பெயர்தான் வெளிச்சம், அது ஆளுவது இருட்டை என்பான் கோகுலராஜ். கறுத்த குடையில் காகம் உட்கார்ந்த படம் ஒன்றை அளவு பார்க்கச் சிடியில் வைத்திருந்தான். குடையும் கறுப்பாக இருக்கவேண்டும், காகத்தின் சிறகும் தெரியவேண்டும். அந்த மயிரிழையில் நிறுத்துவான். அந்தப் படம் ஓடினால் வெளியே காகங்கள் கூடிக் கரையும் என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.

தேற்றாத்தீவுத் தெய்வமணி அவனைக் கூப்பிட்டது வேறு காரியத்துக்கு. புருஷன் அழகரத்தினத்தைக் கடல் கொண்டுபோனபோது வீட்டிலிருந்த படங்களும் போயின. செங்கலடியில் தங்கை வீட்டில் தப்பியது, கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கு வீடியோ கசெட் ஒன்றுதான். தங்கையின் பழைய டிவியில், கோயில் தூணோரம் அவர் நிற்பது தெரியும். அதையே சிடிக்கு மாற்றி, மகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த தட்டை டிவியில் போட்டால், தூணோரம் வெறும் கறுப்பு.

"மனே, கடல் ஒருக்கா கொண்டு போச்சு. இப்ப இந்தப் பெட்டியும் கொண்டு போயிட்டு" என்றாள்.

சிடிக்கு மாற்றும்போதே அந்த இருட்டுக்குள் இருந்தது அழிந்திருந்தால் எந்தப் பொத்தானும் அவரை எழுப்பாது. கோகுலராஜ் ரிமோட்டை எடுத்தான். படத்தைத் தூணில் நிறுத்தி, பிரைட்னஸை ஒவ்வொன்றாக ஏற்றினான். நாற்பத்தாறில் ஒன்றுமில்லை. நாற்பத்தொன்பதில் தூணின் விளிம்பு. ஐம்பத்திரண்டில் இரண்டு கண்கள். ஐம்பத்து நான்கில் மீசை வந்தது, தோளில் சால்வை வந்தது. எத்தனையோ டிவி திருத்தியவன்தான்; கறுப்புக்குள்ளிருந்து ஒரு மனிதன் நடந்து வருவதை அவன் அதுவரை கண்டதில்லை. ஒப்பாரிக்கு வாய் திறந்த அயல்வீட்டுப் பெண்கள் அப்படியே நின்றார்கள்.

தெய்வமணி கிட்டப்போய், வெகுநேரம் பார்த்தாள்.

"உடம்பு வைச்சிட்டார். போன இடத்தில ஆரோ நல்லாச் சோறு போடுறாங்க போல."

பழைய சதுரப் படத்தை அகலத் திரை இழுத்துப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு பொத்தானை அழுத்தினால் மனிதர் மெலிந்துவிடுவார். விரல் அதன்மேல்தான் இருந்தது.

"என்ன மனே, இன்னும் வேலை கிடக்கா?"

"இல்ல மாமி" என்று ரிமோட்டை வைத்தான். "முடிஞ்சிது."