பாறைக் கிடங்கில் நுரை

காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும் ஆசையை எனக்கு மூட்டியவன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. எட்டு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்து, கல்முனையில் கைப்பேசிக் கடை வைத்திருந்தான். அதே வீதியில் எனக்கு ஹாட்வெயார் கடை. பின்னேரம் வியாபாரம் படுத்த நேரத்தில் என் கடை வாசலில் வந்து நின்று, பாலைவனத்தில் படுத்துக் கிடந்த கதைகளைச் சொல்வான்.

"நம்மட பக்கம் காடு இரிக்கி, மலை இரிக்கி, கடல் இரிக்கி. நாம கடைக்குள்ள கிடந்து சாகிறம்" என்பான்.

முதல் தடவை திருக்கோவிலுக்குத் தெற்கே ஆளில்லாத ஒரு கடற்கரைக்குப் போனோம். எரிவாயு அடுப்பு, சோற்றுப்பானை, தறப்பாள், தலையணை என்று வீட்டையே முதுகில் ஏற்றிக்கொண்டு மணலில் நடந்தோம். திரும்பி வந்து ஒரு கிழமை எனக்குக் குனிய முடியவில்லை. ருக்கூவுக்குக் குனிய முடியாமல் கதிரையில் இருந்து தொழுதேன். அதன் பிறகுதான் எனக்குப் பாரம் குறைக்கும் பைத்தியம் பிடித்தது.

என் மனைவி ஓடருக்குக் கேக் செய்கிறவள். அவளுடைய மின்தராசில் நான் ஒவ்வொரு சாமானாக வைத்து நிறுத்தேன். கூடாரம் ஒரு கிலோ நானூறு. போர்வைக்குப் பதில் பழைய சாரன். அடுப்பைக் கைவிட்டு, காலி மீன் டின்னில் ஓட்டை போட்டு ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் ஒரு சின்ன அடுப்புச் செய்தேன். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தேன். பையில் தேவையில்லாமல் தொங்கிய வார்களைக் கத்தரித்தேன். செருப்பைத் தராசில் வைத்த அன்று மனைவி கண்டுவிட்டாள்.

"கேக் மா நிறுக்கிற தராசில செருப்ப வெச்சிரிக்கீங்களே, உங்களுக்கு அருவருப்பா இல்லையா?"

"கழுவித்தான் வெச்சேன்" என்றேன். பொய்.

அவள் தராசைப் பறித்துக்கொண்டு போனாள். "சுனாமிக்குப் புறகு ஏழு மாசம் நாங்க டென்ட்டுக்குள்ள கிடந்தம். இவருக்கு இப்ப காசு குடுத்து வாங்கி அதுக்குள்ள படுக்கணுமாம்."

அவளுடைய தாய்வீடு கடற்கரையோரம் இருந்தது. நான் பிறந்த வீடு நற்பிட்டிமுனைப் பக்கம், கடல் வந்து சேராத இடத்தில். கூடாரம் எனக்கு விளையாட்டுச் சாமான். அவளுக்கு அப்படியில்லை. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டாவது பயணத்துக்குக் கூட்டாளி தெரிந்தெடுத்தது வயல்வெளிகளுக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் ஒரு பாறைமலை. உச்சியில் பாறை குழிந்து, கோடையிலும் தண்ணீர் வற்றாத ஒரு கிடங்கு இருக்கிறது, பார்த்தவர்கள் சொன்னார்கள் என்றான்.

"ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. ஆளுக்கு ஆறு லீற்றர் தூக்கணுமா? மேல தண்ணி இரிக்கி, எனக்கிட்ட வடிகட்டி இரிக்கி. வழிக்கு ஒரு போத்தல் காணும்."

கடைசி நேரத்தில் பட்டியலில் இருந்து மேசன் கரண்டியையும் நான் வெட்டினேன். மலம் கழிக்கக் குழி தோண்டுவதற்காக எடுத்து வைத்தது. முந்நூறு கிராம். என் கடையில் அவை வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்றைக் கழற்றி எடுத்தவன், பையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே ஆணியில் கொழுவினேன்.

ஆவணி மாதம், வெட்டு முடிந்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கட்டோடு இருந்த ஒரு கடையில் விட்டுவிட்டு நடந்தோம். பாறைக்குக் கீழே மாட்டுப்பட்டி ஒன்றும், பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் குடிசையும் இருந்தன. அதைத் தாண்டி ஏறினோம். பை இறகு போல இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உச்சிக்கு வந்ததும் முதலில் வந்தது மணம். செத்த எலியும் சவர்க்காரமும் கலந்த மாதிரி ஒன்று. பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கறுத்த பாறை முழுக்க நூடில்ஸ் பக்கெட் உறைகள், உடைந்த போத்தல்கள், கோழி எலும்புகள். எலும்புகளின் மேல் இலையான்கள் உட்கார்ந்திருந்தன. நாங்கள் நடந்தபோது ஒரேயடியாக எழுந்து முகத்தில் மோதின. ஒரு பிள்ளைக்குக் கட்டிய பம்பர்ஸ் ஊதிப் பெருத்து, சுருட்டியபடி, தண்ணீர் ஓரத்திலேயே கிடந்தது. அந்தக் கிடங்கில் ஆட்கள் குளித்திருக்கிறார்கள். கரையில் வெள்ளை நுரை படிந்து காய்ந்திருந்தது. ஷாம்பு பக்கெட்டுகளும் சோற்றுப் பருக்கைகளும் மிதந்தன.

அஸர்த் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. ஒழுச் செய்யக் குனிந்தவன் கையை இழுத்துக்கொண்டேன். இந்தத் தண்ணீரை எப்படி வாயில் விடுவது, எப்படி முகத்தில் ஊற்றுவது?

கூட்டாளி பதறவில்லை. ஒரு ஓரத்தில் நுரையை விலக்கி, வடிகட்டியை அமிழ்த்திப் பம்பினான். தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. முகர்ந்து பார்த்தேன். ஷாம்பு மணம் அப்படியே இருந்தது.

"கிருமி இல்லடா, குடி. மணத்தால யாரும் மௌத்தாகினதில்ல" என்றான். என் முகத்துக்கு முன்னாலேயே மடமடவென்று குடித்துக் காட்டினான்.

என்னால் முடியவில்லை. வெறும் பையை எடுத்துக்கொண்டு கீழே குடிசைக்கு இறங்கினேன்.

அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மாட்டுக் கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். திருக்கோவில் பக்கத்து ஆள் என்று பிறகு சொன்னார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். என் காலணியையும் பையையும் பார்த்தார்.

"நீங்களும் டென்ட் அடிக்க வந்த ஆக்களா?"

"ஓம், அக்கா."

"மேல நல்ல தண்ணி இருந்திச்சே."

அவரே தொடர்ந்தார். "முந்தி எங்கட மாடு கோடையில அங்கதான் ஏறிக் குடிக்கும். இப்ப வாயே வைக்குதில்ல. மணந்து போட்டுத் திரும்பி வந்திரும். எங்கட வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள்ல வாய்க்கால்ல இருந்து கான் கானா ஏத்திக்கொண்டு வாறார். எங்களுக்குக் குடிக்கத் தண்ணி, கட்டோடு உள்ள கடைக் கிணத்தில அள்ளுறது."

அப்படி ஏற்றிக்கொண்டு வந்த குடிதண்ணீரில் ஐந்து லீற்றர் கான் ஒன்றை நிரப்பி என்னிடம் தந்தார். வேண்டாம் என்று சொல்லத் துணிவு இல்லை. தாகம் தொண்டையைப் பிடித்திருந்தது. அங்கேயே ஒழுச் செய்து, அவர் காட்டிய மர நிழலில் தொழுதுவிட்டு, கானைச் சுமந்துகொண்டு ஏறினேன்.

அன்று இரவு கூட்டாளி கிடங்குத் தண்ணீரில் நூடில்ஸ் அவித்து, டின் மீனோடு சாப்பிட்டான். நான் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

விடிந்து சுபஹுத் தொழுகை முடிந்ததும் கிடங்கைச் சுற்றி நடந்தேன். கிடங்குக்கு மேலே, மழை பெய்தால் தண்ணீர் ஓடி இறங்கும் பாறைச் சரிவில், புதிதாக மலம் கிடந்தது. ஈரத் துடைப்பான் தாள் மூன்று அதன்மேல் போட்டிருந்தது. பக்கத்துப் பாறை வெடிப்பில் எங்கள் நூடில்ஸ் பக்கெட்டும் மீன் டின்னும் பிஸ்கட் உறையும் சொருகி, மேலே ஒரு கல் வைத்திருந்தது.

"இது நீ செஞ்சதா?"

கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் தலை நிமிர்த்தவில்லை. "மாரி வந்தா எல்லாம் அள்ளிக்கிட்டுப் போயிரும். போகக்குள்ள ஏன் பாரம்?"

"காலிப் பக்கெட் எவ்வளவு பாரம்டா? தண்ணிக்கு மேலயா போய் இருக்கிற? நஜீஸ் அவ்வளவும் அதுக்குள்ளதானே இறங்கும்!"

அப்போதுதான் அவன் எழுந்து நின்றான். "இந்தப் பாறையில நான் எதால தோண்ட? மேசன் கரண்டிய வெட்டினது ஆரு? உன்ட கடையில தொங்குது. முந்நூறு கிராம் எண்டு வெட்டினது நீதானே? எனக்கு ஹதீஸ் சொல்ல வராத."

அவன்மேல் வந்த அருவருப்பு முழுவதும் என்மேல் திரும்பியது. முதல் பயணத்தில் தலையணையையும் கிழிந்த தறப்பாளையும் கடற்கரையில் விட்டுவிட்டு வந்தவன் நான்தான். காலி எரிவாயுக் குப்பிகள் இரண்டை மணலுக்குள் தாட்டதும் நான்தான். யாருக்குத் தெரியும் என்று காலால் மணலைத் தள்ளி மூடினேன். வீட்டில் மனைவியிடம், முதுகு நோவு தாங்காமல் கொஞ்சம் சாமானைக் குறைத்தேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஷொப்பிங் பையைக் கையில் சுற்றிக்கொண்டு அந்த மலத்தை அள்ளினேன். சரிவுக்குக் கீழே, மண் இருந்த இடத்துக்குக் கொண்டுபோய், கூடார முளையால் தோண்டப் பார்த்தேன். பாரமில்லாத அலுமினிய முளை. இரண்டாவது குத்திலேயே வளைந்தது. தட்டையான கல் ஒன்றால் அரை மணித்தியாலம் சுரண்டிப் புதைத்தேன். நடுவில் வாந்தி எடுத்தேன். பிறகு மேலே வந்து அந்தப் பம்பர்ஸை எடுத்தேன். தூக்கியதும் அது கிழிந்து, உள்ளே இருந்த வழுவழுப்பு மணிக்கட்டுவரை வழிந்தது. அந்த வழுவழுப்பை என் தோல் இன்னும் மறக்கவில்லை.

என் பையில் கொள்ளும் மட்டும் குப்பையை அடைத்தேன். பாறையில் அதைப்போலப் பல மடங்கு மிச்சம் இருந்தது. கூட்டாளி உதவவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஐம்பது யார் தூரம் முன்னால் நடந்தான்.

குடிசையில் கானைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் என் பையைப் பார்த்தார், இலையான்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு உரப் பையைக் கொண்டுவந்து தந்தார். "இதுக்குள்ள போட்டுக் கட்டுங்க, தம்பி. வழி முழுக்க ஊத்துது." நன்றி சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. கன்றுகளிடம் போய்விட்டார்.

என் முதுகுப் பையை வீட்டுக்குள் எடுக்க மனைவி விடவில்லை. வெளியில் வைத்து நாலு தரம் கழுவினேன், மணம் போகவில்லை. கடைசியில் உரப் பையோடு அதையும் மாநகரசபைக் குப்பை டிரக்டரில் போட்டேன்.

மூன்றாம் நாள் கூட்டாளி இணையத்தில் படம் போட்டிருந்தான். கிடங்கு நீலமாக, வானம் போல மின்னியது. நுரையும் பக்கெட்டும் விழாத கோணம். கீழே நூற்றுக்கு மேல் ஆட்கள் வழி கேட்டிருந்தார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் வழி சொல்லியிருந்தான்.

படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கடைக்குப் போய்க் கேட்டேன். மறுத்தான். "சனம் பாக்கட்டுமே, உனக்கென்ன?" என்றான். அன்றே, பாறையில் நான் எடுத்திருந்த படங்களை, பம்பர்ஸும் எலும்பும் இலையானும் தெரிகிறவற்றை, அதே இடத்தில் அவன் படத்துக்குக் கீழே போட்டேன். இதில் ஒரு பகுதி நாங்கள் போட்டது என்றும் எழுதினேன். இரண்டு மணித்தியாலத்தில் அவன் தன் படத்தோடு எல்லாவற்றையும் அழித்தான். என் இலக்கத்தையும் தடைசெய்தான்.

வழி கேட்டவர்களுக்கு அதற்குள் வழி கிடைத்துவிட்டது. அடுத்த மாதமே நான்கு மோட்டார் சைக்கிள்களில் ஒரு கூட்டம் கூடாரத்தோடு வாய்க்கால் கட்டால் போனதாக, என்னிடம் சீமெந்து வாங்க வந்த வயற்காரர் ஒருவர் சொன்னார். அவருக்கு மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

கூட்டாளியும் நானும் இப்போதும் ஒரே பள்ளிவாசலில்தான் ஜும்ஆத் தொழுகிறோம். எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்கிறான். நானும் பதில் சொல்கிறேன். அதற்கு மேல் எங்களுக்குள் கதை இல்லை.