நல்ல உவமை என்று எழுதினேன்

அப்போது பென்னலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் உவமையும் உருவகமும் வரும். பிள்ளைகளுக்கு அது ஏறவே ஏறாது. "மலர் போன்ற முகம்" என்று கரும்பலகையில் எழுதினால், "இன்னா பூ டீச்சர்?" என்பார்கள். இலக்கணத்தைக் கேட்டால் ஒப்பிப்பார்கள். ஒரு வரியைக் கொடுத்துப் பொருள் கேட்டால் முழிப்பார்கள். அதனால் அந்த வருஷம் ஆகஸ்டில் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் யாராவது 'மாதிரி' வைத்துப் பேசினால் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

பெரும்பாலோர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்கள். பதினாறு நோட்டில் அப்பா எருமை மாதிரி தூங்கினார். ஒரு பெண் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள். அவளுடைய அம்மா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அப்பா இல்லை. தாயும் மகளும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். நோட்டில் இரண்டே வரி. 'அம்மா கை மரக்கட்டை மாதிரி இருக்கு. படுத்தால் விரலுக்குள் எறும்பு ஊருது.'

உரக்கப் படித்துக் காட்டினேன். முதல் வரியில் 'மாதிரி' இருக்கிறது, அது உவமை. இரண்டாவதில் அந்தச் சொல்லே இல்லை. ஆனாலும் விரலுக்குள் எறும்பு கிடையாது, வேறு எதையோ எறும்பு என்கிறார்கள், அது உருவகம் என்று விளக்கினேன். வகுப்புக்குப் புரிந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் புரிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அவள் மட்டும் எழுந்து நின்றாள். "எறும்பு இல்ல டீச்சர். ஆனா நெசமாவே ஊருதாம். அம்மாவுக்கு நான்தான் ஜடை பின்னி வுடுறேன்."

"அப்படிச் சொல்றதுதான்மா உருவகம். உக்காரு" என்றேன். காலாண்டுக்குள் முடிக்க இன்னும் மூன்று பாடம் இருந்தது. நோட்டில் சிவப்பு மையால் 'நல்ல உவமை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி மாதம் அந்த அம்மா டி.சி. வாங்க வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தேன். பிடித்த பேனா நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் விழுந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாக இருந்தது.

"ஸ்க்ரூ முடுக்குற லைன் டீச்சர். ஆறு வருசம். ஓ.டி.யும் பாத்தேன்" என்றார். "பொருளு கை நழுவி விழ ஆரம்பிச்சதும் நாளையிலருந்து வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. காண்ட்ராக்ட்டுதானே, ஒன்னும் கேக்க முடியாது."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"இப்பத்தான் போனேன். நரம்பு அமுங்கிப்போச்சாம். ஆபரேசன் பண்ணாலும் பழைய மாதிரி வராதுன்னுட்டாரு. ஆறு மாசம் முன்னாடி வந்துருக்கலாமேன்னு திட்டுறாரு."

நான் விரல்விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இருக்கவில்லை.

"பாப்பா நோட்டக் காட்டுனா டீச்சர். ஸ்டார் போட்டிருந்தீங்க. என் கைக்கும் ஒரு மார்க்கு கெடச்சுதேன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அவர் குத்திக்காட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கச் சொன்னேன். மகள் அம்மாவின் விரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்துத் தாளில் அழுத்தினாள். ஊரில் தாய்மாமன் வீட்டுக்குப் போகிறார்களாம். ஜூனில் அங்கே எட்டாவதில் சேர்த்துவிடுங்கள் என்றேன். சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

ஜூன் மாதம், அன்றைக்கு அந்த அம்மா கொடுத்திருந்த மாமன் நம்பருக்குக் கூப்பிட்டேன்.

"அது ஸ்கூலுக்குப் போகலங்க" என்றார். "அவ அம்மாவுக்குச் சோறு பெசஞ்சு குடுக்கவே ஆள் வேணும். என் வீட்டுக்காரியும் நூறு நாள் வேலைக்குப் போயிருது. வேற யாரு இருக்கா?"

பக்கத்துப் பள்ளியில் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். பேசுங்கள் என்றார். பேசினேன். அந்தத் தலைமையாசிரியர் ஆள் அனுப்பியிருக்கிறார். அவள் இரண்டு நாள் போய்விட்டு நின்றுவிட்டாள். தீபாவளி சமயத்தில் மறுபடி கூப்பிட்டபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.