குழாய் அக்காவுக்கு நான் தேர்ந்தெடுத்த சைக்கிள்

குழாய் அக்காவைப் பற்றிச் சொல்ல என்னைவிட யோக்கியமானவர்கள் இந்த ஊரில் ஐம்பது பேராவது இருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அவருக்கு சைக்கிள் விற்கவில்லை. விற்றவன் நான். அதனால் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அக்கா குடிநீர் அலுவலகத்தில் லைன் பார்ப்பவர். மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்திலிருந்து ஊர்த் தொட்டிவரை பதினோரு கிலோமீட்டருக்குக் குழாய் போகிறது. அதை ஒட்டிய கல்லுப் பாதையில் தினமும் போய், ஒவ்வொரு வால்வாகப் பார்த்து, கசிவு இருந்தால் குறித்துக்கொண்டு வர வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. கையில் ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பார். ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "இங்க முனகுது" என்பார். தோண்டிப் பார்த்தால் இரண்டு முழ ஆழத்தில் விரிசல் இருக்கும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று குழி வெட்டுகிறவர்களே சொல்வார்கள். அவருக்குப் பேச்சு குறைவு, கேட்பது அதிகம்.

நான் அதற்கு நேர் எதிர். என் கடையில் சைக்கிளைவிட என் வாய்தான் அதிகம் ஓடும்.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலாளர், ரிப்போர்ட் மூன்று மணிக்குள் மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். நடந்து போனால் திரும்ப ஐந்தாகிவிடும். பாதையோ குறுகல், மோட்டார் வண்டி போகாது. மூன்று மாதம் பார்ப்பேன், முடியவில்லை என்றால் புகார் அறையில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கலாம் என்றாராம். அக்காவுக்கு அந்த லைன்தான் உயிர். மறுநாளே கடைக்கு வந்துவிட்டார்.

அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவருக்கு முன்னால் ஒரு வங்கி அதிகாரி நின்றிருந்தார். தொப்பையைத் தடவிக்கொண்டே, தனக்கு முதுகுவலி இருப்பதாகவும், முன்னால் பின்னால் இரண்டு பக்கமும் அதிர்வு தாங்குகிற ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிதான் வேண்டும் என்றும் கேட்டார். எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. அதற்கு நான் வைத்த பெயர் சோபா. முன்சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங் வைத்து, பின்பக்கம் விறைப்பாக நிற்கும் ஹார்டெயில்தான் என் கட்சி. எடை குறைவு, ஏற்றத்தில் மிதிக்கிற பலம் வீணாகாது, சேறு புகுந்து கெட்டுப்போகப் பின்பக்கத்தில் மூட்டு எதுவும் கிடையாது. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"முதுகுவலின்னா மலைக்கு எதுக்கு சார்? நல்ல கட்டிலா பாத்து வாங்குங்க. அதுலயும் ஸ்பிரிங் இருக்கு!"

கடையே சிரித்தது. அந்த மனிதர் முகம் சுண்டிப்போய், பிறகு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். குழாய் அக்காவும் லேசாகச் சிரித்ததாக ஞாபகம். அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது சிரிப்பே இல்லை.

"சொல்லுங்கக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் மூலையில் நின்ற ஃபுல் சஸ்பென்ஷனைக் காட்டினார். "தம்பி, அது எப்படி?"

"அது எதுக்குக்கா உங்களுக்கு? தண்ணியிலயும் சேத்துலயும் போறவங்க நீங்க. மாசாமாசம் பேரிங் மாத்திட்டே இருக்கணும். ஹார்டெயில் எடுத்துட்டுப் போங்க. ஒரு வருஷம் என் மூஞ்சியிலயே முழிக்க வேண்டாம்."

"பின்னாடி ரொம்ப அடிக்குமா?"

"ரெண்டு நாள் அடிக்கும், அப்புறம் பழகிடும். நீங்க என்ன பேங்க் ஆபீசரா?"

மறுபடியும் சிரிப்பு. அக்கா வேறெதுவும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு முற்றமும் நாலு கல்படியும் உண்டு. யார் வாங்கினாலும் இரண்டு வண்டியையும் அந்தப் படியில் இறக்கிப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். அது என் கடைச் சட்டம். அவருக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. ஆளைப் பார்த்தாலே எந்த வண்டி பொருந்தும் என்று எனக்குத் தெரியுமாம். அவ்வளவு திமிர்.

இரவு சாப்பிடும்போது கட்டில் கதையை என் மனைவியிடம் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "முதுகு வலிக்குதுன்னு வெளிய சொல்றதே கஷ்டம். உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு போதாது என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா சைக்கிளை சர்வீசுக்குக் கொண்டுவந்தார். எனக்கு ஒரு பெருமை உண்டு. வண்டியின் தேய்மானத்தைப் பார்த்தே ஓட்டுகிறவரின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன். இடதுகால் பலமா, பிரேக்கில் பயமா, சரிவில் எழுந்து நிற்பாரா, எல்லாம் தெரிந்துவிடும். அன்றும் ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். செயின் புதுசு போலவே இருந்தது. பெடலில் மண் காய்ந்து அப்பியிருந்தது, தேய்மானம் இல்லை. இடது கைப்பிடி ரப்பர் வழவழப்பாகிவிட்டது, வலது கைப்பிடியில் எழுத்துகூட அழியவில்லை. சீட்டின் பின்விளிம்பு மட்டும் வியர்வையில் கறுத்திருந்தது.

சைக்கிளை ஓட்டினால் இப்படித் தேயாது. இடது கையால் கைப்பிடியையும் வலது கையால் சீட்டையும் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடந்தால்தான் இப்படித் தேயும். எனக்குக் கண்டுபிடித்த சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னக்கா, சைக்கிளுக்கு நடை பழக்கினீங்களா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் ஒருமுறைதான் கெடும். நான் இரண்டாவது தடவை.

அக்கா கோபப்படவில்லை. தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "நாலு வருஷம் முன்னாடி வால்வுக் குழிக்குள்ள விழுந்துட்டேன் தம்பி. இடுப்புக்கு மேல ஒரு எலும்பு நசுங்கியிருக்கு. நடக்கலாம், ஏறலாம், ஒண்ணும் பண்ணாது. அதிர்வுதான் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இதுல கல்லு மேல ஏறினா பின்னாடியிருந்து ஒரு குத்து வரும். கண்ணு இருட்டிடும். எழுந்து நின்னு ஓட்டியும் பாத்தேன், முடியல. தார் ரோட்டுல ஓட்டுவேன், கல்லுப் பாதை வந்தா தள்ளுவேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா!" என் குரல் உயர்ந்துவிட்டது. அதுவும் அவர்மேல் கோபம் போல!

"சொல்லணும்னுதான் வந்தேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னாரே, அவரு சொன்னாரு."

அவ்வளவுதான் சொன்னார். என் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்று சொல்வது வழக்கம். அன்றைக்கு எனக்கு அது வழக்குச் சொல்லாகத் தோன்றவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். மூலையில் நின்ற ஃபுல் சஸ்பென்ஷனைத் தூசி தட்டி முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் எடைக்கு ஏற்றபடி பின்பக்கக் காற்று ஸ்பிரிங்கில் அழுத்தத்தைக் குறைத்தேன். "ஏறுங்கக்கா. ஒரே ஒரு தடவை படியில இறக்கிப் பாருங்க."

வேண்டாம் என்றார். நான் விடவில்லை. ஏறினார். முற்றத்தை ஒருமுறை சுற்றினார். படிக்கு நேராக வந்தபோது அவர் தோள் இறுகியது. வலிக்குத் தயாராகிற உடம்பு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் இறங்கியது, நாலு படியும் முடிந்தன. கீழே வந்து நின்றவர், வரவேண்டிய ஒன்று வராததால் குழம்பியவர் போலத் திரும்பிப் படியைப் பார்த்தார்.

"வலிச்சுதாக்கா?"

"இல்ல."

"இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க. ஹார்டெயிலை நான் திரும்ப எடுத்துக்கறேன். எதுவும் தர வேண்டாம்."

அக்கா இறங்கி, வண்டியை என் பக்கம் சாய்த்தார். "ஆர்டர் போட்டாச்சு தம்பி. திங்கக்கிழமையிலேருந்து ஃபோன் ரூம். லைனுக்கு வேற ஆள் வர்றாரு. என் சைக்கிளை அவருக்குக் கொடுக்கறேன். அதான் சர்வீசுக்குக் கொண்டுவந்தேன். அவருக்காவது நல்லா ஓடணும்ல?"

மேலாளரிடம் நான் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். "என்னன்னு பேசுவீங்க?" என்றார். ஒரு கடைக்காரன் அடித்த ஜோக்கால் பத்தொன்பது வருட வேலை போனது என்று எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது?

அந்த சைக்கிளை என் வாழ்க்கையில் எதற்கும் பார்க்காத அளவு பார்த்துப் பார்த்து சர்வீஸ் செய்தேன். எதற்கு அந்த உழைப்பு என்று எனக்கே தெரியும். எல்லாம் கெட்ட பிறகு கெடுத்தவன் படுகிற பாடு. புது ஆள் ஒரு மாதம் கழித்து வந்து, வண்டி பஞ்சாகப் பறக்கிறது, அருமையான தேர்வு என்று என் கையைக் குலுக்கினார். வண்டிமேல் எந்தக் குற்றமும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல எனக்கு அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஆனது. அவள் திட்டவில்லை. "போய்ப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போகவில்லை. குடிநீர் அலுவலகம் இருக்கும் தெருவையே விட்டு, சுற்றுவழியாகக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரம் வீட்டில் தண்ணீர் வரவில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மனைவி வேண்டுமென்றே ஃபோனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். புகார் எண்ணை அழுத்தினேன். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம், குடிநீர் புகார். உங்க பேரு சொல்லுங்க."

அதே குரல்தான். எனக்கு என் பெயர் வாயில் வரவில்லை. குரலை மாற்றிக்கொண்டு மனைவி பெயரைச் சொன்னேன். நாற்பத்தொரு வயது ஆள்! அவர் தெருவையும் கதவு எண்ணையும் எழுதிக்கொண்டார்.

"குழாயை முழுசாத் திறந்துட்டு, ஃபோனை அதுக்குப் பக்கத்துல பிடிங்க."

பிடித்தேன். குழாய் சீறியது, நின்றது, மறுபடி சீறியது. மறுமுனையில் எந்தச் சத்தமும் இல்லை. அவர் கண்ணை மூடியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"மேல மூணாவது வளைவுல காத்து வால்வு சிக்கியிருக்கு. லைன்காரருக்குச் சொல்லிடறேன். ஒரு மணி நேரத்துல வந்துடும்."

நன்றி என்று முனகினேன். வைத்துவிடலாம் என்று விரல் போனது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார். அங்கே எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. பிறகு சற்று நிறுத்தி, "தம்பி" என்றார்.

எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. ஓயாமல் பேசுகிற என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. குழாய் சீறிக்கொண்டே இருந்தது. அவரும் ஃபோனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.