கால்வாய்ப் பக்கம் விட்டு வெட்டியது

மைசூரைச் சுற்றி நாங்கள் கரும்பு வெட்டப் போகும் ஊர்களில், தோட்டத்தை மூன்று பக்கமும் வெட்டிக்கொண்டு போவோம். கால்வாய்ப் பக்கத்தை மட்டும் கடைசிவரை தொடமாட்டோம். உள்ளே கிடக்கும் பன்றியோ பாம்போ அந்த வழியாக வெளியேறிவிடும். இதை யாரும் பேசி முடிவு செய்வதில்லை. கை தானாக அப்படித்தான் போகும்.

போன தை மாதம் ஒரு காலையில், எவ்வளவு கரும்பு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க நான் மட்டும் உள்ளே நுழைந்தேன். நடுவில் காய்ந்த கரும்புத் தோகை, சோகை என்போமே, அது குவிந்த இடத்தில் இரண்டு சிறுத்தைக் குட்டிகள் படுத்திருந்தன. தாயைக் காணவில்லை.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவன் அல்ல. அதோடு, வெளியே தெரிந்தால் வேலை நின்றுவிடும்; சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவு வேறு ஆட்களுக்குப் போய்விடும். வழக்கம்போல் கால்வாய்ப் பக்கமாகத் தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். என் மனைவி முன்வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குமேல் கரும்பு ஒரு வீட்டளவுக்குக் குறைந்தது. அப்போதுதான் அதன் பின்னால் இருந்த சுவர் என் கண்ணில் பட்டது. வீட்டுமனை போடுகிறவர்கள் கட்டியது. பத்தடி உயரம், மேலே முள்கம்பிச் சுருள். கால்வாய்ப் பக்கத்தை அடைத்து, இரண்டு ஓரமும் தோட்டத்தை நோக்கித் திரும்பியிருந்தது. வந்த நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்த சுவர்தான். வெட்டும்போது ஒருவருக்கும் அது நினைவில் இல்லை.

உள்ளே சோகை நொறுங்கும் சத்தம் கேட்டது. பெரிய உடம்பின் சத்தம்.

“வெட்டாத புள்ள, இங்க வா!” என்று கத்தினேன்.

மேஸ்திரி சிரித்தார். அவர் என் மனைவியின் அண்ணன். “அட, மாப்பிளைக்கு வாய் இருக்குதுடா! என்ன மாப்பிள, பொண்டாட்டிக்குக் கை நோவுதுன்னு பொறுக்கலயா?”

“உள்ள சிறுத்தக் குட்டி இருக்குது மச்சான். காலைல பாத்தேன். தாயும் உள்ளதான் இருக்குது.”

சிரிப்பு அடங்கியது. என் மனைவி மெல்லப் பின்னால் நகர்ந்து வந்தாள்.

“காலைலயேவா?” என்றாள். “பாத்துப்போட்டா என்னைய உள்ள வெட்ட உட்டீங்க?”



“ஆரும் வெளிய சொல்ல வேண்டாம்,” என்றார் மேஸ்திரி. “கரும்பு ஏத்தற வண்டிப்பாதைய உட்டு எல்லாரும் ஒதுங்குங்க. அதும்பாட்டுக்குப் போவட்டும்.”

திறந்திருந்தது அந்தப் பாதை ஒன்றுதான். அது நேராக எங்கள் குடிசை வரிசைக்குத்தான் வரும். பொழுது சாயும் முன்பே பிள்ளைகளை உள்ளே விட்டு வாசல் தட்டிகளைக் கட்டினோம்.

விடிந்து போய்ப் பார்த்தபோது குட்டிகள் இல்லை. பாதைப் புழுதியில் தடங்கள் எங்கள் குடிசைகள் வரை வந்திருந்தன. அதற்குமேல் சிமெண்டு ரோடு. எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியவில்லை.

ரோட்டுக்கு அந்தப்புறம் இருந்த கரும்புக்கு அன்றைக்கே வெட்டு உத்தரவு வந்தது. என் மனைவி கத்தியைத் தீட்டி என்னிடம் நீட்டினாள்.

“இன்னைக்கு முன்னால நீங்க நில்லுங்க,” என்றாள்.