கடுதாசி எந்த வாசலுக்கு வரும்?

அம்மாவுக்கு வீடு பார்க்கக் கிளம்பிய அன்று எனக்கே கல்யாணம் நிச்சயமானது போல ஒரு பரபரப்பு. பதுளையில் என் தையல் கடையை நான் லேசில் பூட்டுகிறவளில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கே பூட்டைப் போட்டுவிட்டு, பசறை பஸ்ஸில் வரும் அம்மாவுக்காக நிலையத்தில் நின்றேன்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அப்பா போன பிறகும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் தனியாகத்தான் இருந்தாள். போன மழையில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு இறங்கியவள் படியில் வழுக்கி விழுந்து, இரண்டு மாதம் முழங்கால் வலியோடு அல்லாடினாள். என் வீடோ கடைக்கு மேலே. ஏணி மாதிரிப் படி. "அதுவுமில்லாம ஒன்னோட வந்து இருந்தா ஒரே மாசத்துல ரெண்டு பேரும் சண்ட போட்டுக்குவோம்" என்று அவளே சொல்லிவிட்டாள். பொய்யில்லை.

ஆகவே ஓய்வுகாலக் குடியிருப்புகள் இரண்டை விசாரித்து வைத்திருந்தேன். முதியோர் இல்லமா என்று முகத்தைச் சுளித்தவளிடம், "இல்லம்மா, ஒன் கதவு, ஒன் சாவி, ஒன் அடுப்பு. பக்கத்துல ஒன் வயசுக்காரங்க. முடியாமப் போனா பாக்க ஆளு இருக்கு" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

முதலாவது டவுனிலேயே இருந்தது. மூன்று மாடி, லிப்ட், குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். ஜன்னலில் நமுனுகுல மலை அப்படியே நிற்கிறது. நான் லிப்டில் இரண்டு தரம் மேலும் கீழும் போய் வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன். அம்மா மேலாளர் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடுதாசி வந்தா எங்கங்க வரும்?"

"ஆபீசுக்கு வரும்மா. நாங்க வாங்கி வச்சிருந்து குடுப்போம்."

"சரிங்க" என்று எழுந்துவிட்டாள். அவ்வளவுதான். சுடுதண்ணீரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒனக்கு யாரும்மா கடுதாசி போடுறா? ஊரே போன்ல பேசுது" என்று ஆட்டோவில் போகும்போது கேட்டேன். "சும்மா கேட்டு வச்சேன்" என்று வெளியே பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது பசறை வீதியில். அதை ஒப்புக்குத்தான் சேர்த்திருந்தேன். வரிசையாகப் பத்து வீடு, தகரக் கூரை, முன்னால் நீளமான ஒரே வாசல். லயத்தை விட்டு வெளியே கொண்டுவந்து இன்னொரு லயத்தில் விடுவதா என்று எனக்கே மனசு கேட்கவில்லை. அவள் கண்ணில் முழு வரிசையும் படாதபடி முன்னால் மறைத்துக்கொண்டு நடந்தேன்.

"தள்ளு புள்ள. லயமேதான். பெயிண்ட் அடிச்ச லயம்" என்று சிரித்தாள்.

பிறகு அவள் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு கதவிலும் ஓர் இலக்கம். இலக்கத்துக்குக் கீழே சின்னத் தகரப் பெட்டி. பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

"ஒங்க பெட்டிக்கே வரும்மா. தபால்காரர் போட்டுட்டு கூப்புடுவாரு."

காலியாக இருந்த ஏழாம் வீட்டுப் பெட்டியை அம்மா திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "இது போதும்" என்றாள்.

நான் வெடித்தேன். லிப்ட், சுடுதண்ணீர், மலை என்று பாடமே ஒப்பித்தேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"ஒன்ன டீச்சர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்ட்ட கடுதாசி, தோட்டத்து ஆபீஸ் மேசையில பதினோரு நாள் கெடந்துச்சு. அந்தப் பதினோரு நாளும் நான் அந்த ஆபீஸ் வாசல்லதான் கொழுந்து நிறுத்தேன். ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல. இனி என் கடுதாசி எவன் மேசையிலயும் கெடக்கக் கூடாது."

அந்தக் கடிதம் எனக்கு மறக்கவில்லை. தேதி முடிந்து மூன்றாம் நாள் அது கைக்கு வந்தபோது, "நீ ஏன் போய்க் கேக்கல" என்று அம்மாவைத்தான் திட்டித் தீர்த்தேன். அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். இருபது வருஷத்துக்கு மேலாக அதை மனசிலேயே வைத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. படிவத்தை வாங்கி நானே நிரப்பினேன்.

அடுத்த மாதம் பிறந்ததும் அவளைக் குடிவைத்தோம். அவள் சாமான் மொத்தமும் ஒரு சின்ன லொறியில் அடங்கிவிட்டது. பாலைப் பொங்கவைத்துவிட்டு நேரே பதுளைத் தபால் கந்தோருக்குப் போனேன். சந்தோஷத்தில் கை ஓடிய ஓட்டத்தில், கடித உறையில் பெயருக்குக் கீழே பழக்க தோஷமாக "மேல் டிவிஷன்" என்று தோட்டத்து விலாசத்தையே எழுதித் தொலைத்தேன். கிழித்துவிட்டு வேறு உறை வாங்கினேன். அம்மாவின் முழுப் பெயர். கீழே, இலக்கம் ஏழு.

மூன்றாம் நாள் கடையில் ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"புள்ள, தபால்காரரு வாசல்ல நின்னு என் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. பக்கத்து வீட்டு அம்மாவெல்லாம் எட்டிப் பாத்தாங்க."

"என்ன எழுதியிருக்கேன்னு படிச்சியா?"

"இன்னும் பிரிக்கல" என்றாள். "மேல எழுதியிருக்கிறதத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்."