ஒரு ஓ, இரண்டு ஓ

தெருவில் எல்லோருக்கும் அவர் டெய்லரக்கா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் இங்கிலீஷ் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். “லூஸ், டைட், லெங்த், இன்ச். இதுக்கு மேல இங்கிலீஷ்ல என்ன இருக்கு?” என்பார். அந்த நாலு சொல்லை வைத்தே பதினெட்டு வருஷமாகக் கடை நடத்துகிறார்.

ஒருநாள் வங்கி மேனேஜர் பேண்ட் தைக்கத் துணி கொண்டுவந்தார். கூடவே அவருடைய கிளார்க். இடுப்பு நாற்பது இன்ச் என்று அக்கா சத்தமாகச் சொன்னதும் கிளார்க் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மாதத்தில் வங்கியின் ஆண்டு விழா, மேடையில் அவருக்கு விருது. அதற்குள் மூன்று இன்ச் இளைத்துவிடுவதாக அன்று காலைதான் சபதம் எடுத்திருந்தார். அதைக் கிளார்க் முன்னால் சொல்லக் கூச்சம். துண்டுச் சீட்டில் இங்கிலீஷில் எழுதி, துணி மடிப்பில் செருகிவிட்டுப் போனார்.

அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். “ஐ வில் லூஸ் த்ரீ இன்ச்.”

“மூணு இன்ச் லூஸா? பாவம், காத்தோட்டமா கேக்கறாரு” என்று நாற்பத்து மூன்று வைத்து வெட்டினார்.

மேனேஜர் சாப்பாட்டைக் குறைத்தது உண்மை. ஆனால் பசித்தபோதெல்லாம் டயட் பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பிரித்தார். டயட் என்று அச்சடித்திருப்பதால் எத்தனை தின்றாலும் உடம்பில் ஒட்டாது என்பது அவர் நம்பிக்கை. பழைய பேண்டின் கொக்கி தெறித்தபோது, துவைத்துத் துவைத்துத் துணியைச் சுருக்கிவிட்டாய் என்று மனைவியிடம் சண்டைக்குப் போனார்.

விழாவுக்கு முந்தின நாள் கடைக்கு வந்தார். திரைக்குப் பின்னால் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு புதுப் பேண்டை மாட்டினார். பட்டன் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது.

“டெய்லரம்மா! சீட்டுல எழுதின மாதிரியேதானே தச்சீங்க?”

“எழுத்துக்கு எழுத்து அப்படியே சார்.”

“ஜெயிச்சுட்டேன்!” என்று திரையைக் கிழிக்காத குறையாக வெளியே வந்தார். மறுநாள் மேடையில் விருதைப் பற்றி இரண்டு வாக்கியமும், புதுப் பேண்டைத் தட்டிக் காட்டி மனக்கட்டுப்பாட்டைப் பற்றி இருபது நிமிடமும் பேசினாராம்.

அந்த வாரமே, பக்கத்துக் கடையில் டைப்பிங் வேலை பார்க்கும் அக்காவின் தங்கை, நூல் டப்பாவில் கிடந்த சீட்டைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, இதுல ஒரு ஓதான் இருக்கு.”

“இருந்தா என்ன?”

“ரெண்டு ஓ போட்டாத்தான் நீ சொல்ற தொளதொள லூஸ். ஒரு ஓன்னா இழக்கறது. மனுஷன் இளைக்கப்போறேன்னு எழுதியிருக்காரு. நீ எவ்வளவு வச்சே?”

“நாப்பத்து மூணு.”

“அவர் கேட்டது முப்பத்தேழு!”

“ஒரு ஓவைக் காணோம்னா ஆறு இன்ச்சாடி அடிக்கும்?” என்று அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“தெரியாம வெட்டின நீதான் மூணாவது லூசு” என்று சொல்லிவிட்டுத் தங்கை ஓடிவிட்டாள்.

மறுவாரம் மேனேஜர் இன்னொரு துணியோடு வந்தார். “அதே முப்பத்தேழு. இனிமே வாக்கிங்கூட வேண்டாம்னு நிறுத்திட்டேன்.”

சொன்னால் தன் இங்கிலீஷின் மானம் போகும். சொல்லாவிட்டால் இவர் கதவுக்குள் நுழைய முடியாமல் போவார். அக்கா அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றி, எண்ணை அவருக்கே காட்டினார். நாற்பத்து நாலு.

“டேப் தேஞ்சுபோச்சா?”

“டேப் நல்லாத்தான் இருக்கு சார். நான்தான் உங்க ஒரு ஓவை ரெண்டு ஓவா படிச்சுட்டேன்.”

விஷயம் புரிய அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. ஸ்டூலில் உட்கார்ந்தார். “அப்ப நான் இருபது நிமிஷம் பேசினது?” என்று கேட்டவர், தானே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் சட்டைப் பட்டன் ஒன்று தெறித்து மிஷினுக்கு அடியில் உருண்டது. அக்கா குனிந்து தேடுகிற சாக்கில் தானும் சிரித்துக்கொண்டார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று அவர் கெஞ்சிக்கொண்டிருந்தபோது கிளார்க் உள்ளே நுழைந்தார். கையில் துணி, முகத்தில் வெட்கம்.

“அக்கா, சார் போட்டாரே, அந்த இளைக்கிற பேண்ட். எனக்கும் ஒண்ணு வேணும்.”